மதுரையில் உணவகம் நடத்துவோருக்கு: உரிமம் முதல் அபராத விசாரணை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஏதேனும் ஓர் உணவகத்தில் கெட்டுப்போன இறைச்சி பறிமுதல் செய்யப்பட்டதாகச் செய்தி வந்தால், மற்ற உரிமையாளர்களிடையே எழும் பேச்சு பெரும்பாலும் அபராதத் தொகையைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை கிலோவை அழித்தார்கள், எத்தனை ஆயிரம் போட்டார்கள் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தும் போகிறது. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அபராதத்திலிருந்து தொடங்குவதில்லை. ஆய்வு, அறிவிப்பு, அவகாசம், மாதிரி, பகுப்பாய்வு, விசாரணை என்ற வரிசையில் அது நகர்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் உரிமையாளருக்கு எழுத்தில் பதில் சொல்லும் உரிமையும் அதற்கொரு காலக்கெடுவும் உண்டு. சமையலறையைச் சுத்தமாக வைத்திருந்தும் அந்தக் காலக்கெடுவை அறியாததால் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இவ்வழிகாட்டி சமையலறை ஒழுங்கையும் சட்ட நடைமுறையையும் சேர்த்தே விளக்குகிறது.

எந்தச் சட்டம், யார் அதிகாரி

உணவகங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மையான சட்டம் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். 2011 ஆகஸ்ட் 5 முதல் அதன் விதிகள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன்பிருந்த 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில் ஏறத்தாழ எல்லாத் தவறுகளும் குற்றவியல் நீதிமன்றத்துக்கே சென்றன. புதிய சட்டம் தவறுகளை இரண்டாகப் பிரித்தது. தரக்குறைவு, சுகாதாரக் குறைபாடு போன்றவை பண அபராதத்தோடு முடியும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ தீங்கு விளைவிக்கும் உணவு குற்றவியல் வழக்காகும். எந்தத் தவறு எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே உரிமையாளருக்கு முதல் தேவை.

தமிழ்நாட்டில் இச்சட்டத்தைச் செயல்படுத்துவது உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை. மாநில அளவில் உணவுப் பாதுகாப்பு ஆணையரும், மாவட்ட அளவில் நியமன அலுவலரும், களத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் பொறுப்பில் இருக்கிறார்கள். அபராத விசாரணையை நடத்துபவர் மாவட்ட வருவாய் அலுவலர். மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர் இவர்களில் சேராதவர். குப்பை, கழிவுநீர், தொழில் உரிமம் ஆகியவை அவர் பார்வைக்கு உட்பட்டவை. மாநகராட்சிக்குத் தொழில் உரிமக் கட்டணம் கட்டியாயிற்று, ஆகவே வேறொன்றும் தேவையில்லை என்று நினைப்பது மாசி வீதிகளில் பல ஆண்டுகளாகக் கடை நடத்துபவர்களிடமும் காணப்படும் தவறு. தீயணைப்புத் துறைச் சான்று, தொழிலாளர் துறைப் பதிவு ஆகியனவும் தனித்தனியானவை. இங்கே அவற்றை விட்டுவிடுகிறோம்.

முதல் படி: பதிவா, உரிமமா என்று முடிவு செய்தல்

ஆண்டு விற்றுமுதலின் அடிப்படையில் சிறு வியாபாரிக்குப் பதிவுச் சான்றிதழும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு மாநில உரிமமும், மிகப் பெரிய நிறுவனங்களுக்கு மத்திய உரிமமும் வழங்கப்படுகின்றன. 2011 விதிமுறைகள் பதிவுக்கும் உரிமத்துக்கும் இடையிலான எல்லையை 12 லட்சம் ரூபாயாக வைத்தன. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், உணவகத்துக்கான மாநில உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தன. இந்த எல்லைகளும் கட்டணங்களும் உரிமத்தின் காலமும் திருத்தங்களுக்கு உட்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில், உணவுத் தொழில் பதிவுக்கும் உரிமத்துக்குமான அரசின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் என்ன தொகை காட்டுகிறதோ அதையே பின்பற்ற வேண்டும். தரகரிடம் கேட்டு முடிவு செய்வது தேவையற்ற செலவு. பதிவுக்கான விண்ணப்பத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பதிவேற்றத் தெரிந்த யாரும் நிரப்பிவிடலாம்.

விற்றுமுதலைக் குறைத்துக் காட்டிப் பதிவுச் சான்றிதழோடு நின்றுவிடும் பழக்கம் ஆபத்தானது. ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு தொகையும் ஃபாஸ்காஸில் வேறொரு தொகையும் இருந்தால், உரிமம் பெற வேண்டியவர் உரிமம் இல்லாமல் தொழில் நடத்துகிறார் என்றே அது கொள்ளப்படும்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது சமையலறையின் வரைபடம், கருவிகளின் பட்டியல், இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமைப் பத்திரம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் அதன் பத்திரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனி உரிமம் வேண்டும்; தல்லாகுளத்தில் உள்ள கடையின் உரிமம் மாட்டுத்தாவணிக் கிளைக்குச் செல்லாது. கடையை அதே தெருவில் எதிர்ப்பக்கம் மாற்றினாலும், அப்பா பெயரில் இருந்ததை மகன் பெயருக்கு மாற்றினாலும், உணவகத்தோடு கல்யாணச் சமையல் ஒப்பந்தமும் எடுக்கத் தொடங்கினாலும் அதைத் தளத்தில் தெரிவித்து உரிய மாற்றத்தைப் பெற வேண்டும். குடும்பத் தொழிலாக நடக்கும் கடைகளில் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே உரிமம் தொங்கிக்கொண்டிருப்பது அரிதல்ல. ஆய்வு வரும் நாள்வரை யாருக்கும் அது உறுத்துவதில்லை.

கிடைத்த 14 இலக்க எண்ணைக் கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அந்த எண்ணை ரசீதிலும் அச்சிட வேண்டும்; பெரும்பாலான பில்லிங் மென்பொருள்களில் அது ஒரு முறை செய்துவிட்டால் போதுமான வேலை.

திருவிழாவில் அன்னதானம் வழங்குவோரையும் இங்கே சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெங்கும் சோறும் நீர்மோரும் வழங்கும் மண்டகப்படிக்காரர்கள், இலவசமாகத் தருகிறோம் என்பதால் சட்டம் தங்களைத் தொடாது என்று எண்ணுகிறார்கள். சட்டத்தில் உணவுத் தொழில் என்பதற்கு இலாப நோக்கம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவர்களும் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீரும் ஆட்களும்

மதுரையில் ஒரே உணவகம் மாநகராட்சிக் குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், லாரித் தண்ணீர் என மூன்றையும் ஒரே தொட்டியில் கலந்து பயன்படுத்துவது சாதாரணம். விதி எளிமையானது: சமைக்கவும் குடிக்கவும் உணவோடு தொடர்புள்ள பாத்திரங்களைக் கழுவவும் பயன்படும் நீர், இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500இன்படி குடிநீருக்கான தரத்தில் இருக்க வேண்டும். ஒரு மூலத்தின் நீரைப் பரிசோதித்து அறிக்கை வாங்கிவிட்டு, கோடையில் லாரிக்கு மாறும்போது பழைய அறிக்கையையே காட்டுவது செல்லாது. மூலம் மாறினால் பரிசோதனையும் மாற வேண்டும். தொட்டியைக் கழுவிய நாளையும் எழுதி வையுங்கள். ஜிகர்தண்டா, சர்பத், பழச்சாறு விற்பவர்கள் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்யப்படுகிறது என்பதற்கும் பொறுப்பாளிகள். மீனையும் இறைச்சியையும் குளிரூட்டுவதற்காக விற்கப்படும் கட்டி ஐஸை உடைத்துக் குடிபொருளில் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பணியாளர்களைப் பொறுத்தவரை, உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை செய்து சான்று பெற வேண்டும். டைஃபாய்டு போன்ற குடல் நோய்களுக்கு எதிரான தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். மாஸ்டர், சப்ளையர், மாவு அரைப்பவர், காய் நறுக்குபவர், பாத்திரம் கழுவுபவர் எல்லாரும் இதில் அடக்கம். வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை, காய்ச்சல், சீழ் வைத்த புண் ஆகியவற்றோடு வருபவரை உணவின் அருகே விடக் கூடாது. இந்த விதி ஏட்டில் இருந்து நடைமுறைக்கு வராமல் போவதற்குக் காரணம் பணம். நாள் சம்பளத்துக்கு வரும் பரோட்டா மாஸ்டர், உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் சொல்ல மாட்டார். நோய் சொல்லி விலகுபவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுவதாக உரிமையாளர் அறிவிப்பது, சுவரில் ஒட்டும் பத்து அறிவிப்புகளைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் ஃபாஸ்டாக் எனப்படும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் எதிர்பார்ப்பு. அந்தப் பயிற்சிக்குக் கல்லாவில் உட்காரும் உரிமையாளர் மட்டும் சென்று வராமல், சமையலறையில் நிற்பவர் ஒருவரையும் அனுப்புவது நல்லது.

மூன்றாம் படி: இரவில் மிஞ்சும் உணவு

தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில், சமையலறையின் மிக ஆபத்தான நேரம் கடை மூடும் நேரமே. இரவு கடைசி கொத்து பரோட்டா போட்ட பிறகு அண்டாவில் பாதி சால்னா மிஞ்சியிருக்கும், ஆட்கள் களைத்திருப்பார்கள், மூடி போட்டு அடுப்பிலேயே விட்டுவிட்டு, காலையில் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று போய்விடுவார்கள். அது சரியாவதில்லை என்பதற்கான காரணத்தை மாஸ்டர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. சில பாக்டீரியாக்கள் விதை போன்ற உறையணுக்களாக மாறிக் கொதிநிலையையும் தாங்கிக்கொள்ளும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸும், பெரிய அண்டாக் குழம்பில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸும் இவ்வகை. உணவு மெல்ல ஆறும்போது உறையணுக்கள் விழித்துப் பெருகுகின்றன. 50 லிட்டர் அண்டாவின் நடுப்பகுதி நள்ளிரவில் மூடினால் விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். கையிலிருந்து உணவுக்கு வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவை உணவில் விட்டுச்செல்லும் நச்சோ மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. ஆகவே காலையில் வரும் கொதி, கிருமியைக் கொன்றாலும் நச்சை அப்படியே விட்டுவிடும்.

ஆணையம் ஆய்வுக்கு வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல் கேட்கும் அளவுகளை அப்படியே பின்பற்றினால் குழப்பமில்லை. சைவ உணவின் மையப்பகுதி 60 டிகிரியில் 10 நிமிடமோ 65 டிகிரியில் 2 நிமிடமோ வெந்திருக்க வேண்டும். அசைவத்துக்கு 65 டிகிரியில் 10 நிமிடம், அல்லது 70 டிகிரியில் 2 நிமிடம், அல்லது 75 டிகிரியில் 15 விநாடி. பரிமாறும்வரை சூடாக வைக்கும் சைவ உணவு 65 டிகிரியிலும் அசைவ உணவு 70 டிகிரியிலும் இருக்க வேண்டும். எடுத்துவைக்க வேண்டிய உணவை முதல் 2 மணி நேரத்துக்குள் 60இலிருந்து 21 டிகிரிக்கும், அடுத்த 2 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் குளிர்விக்க வேண்டும். மீண்டும் சூடாக்கும்போது மையப்பகுதி 75 டிகிரியை எட்டி, 2 நிமிடமாவது அதில் நிற்க வேண்டும். உறைநிலைப் பெட்டி மைனஸ் 18 டிகிரி.

இதைச் செய்ய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று போதும். மிஞ்சிய குழம்பை அகலமான, ஆழம் குறைந்த தட்டுகளில் ஊற்றி, ஐஸ் நீர் நிரப்பிய தொட்டியில் வைத்துக் கிளறினால் விரைவில் ஆறும். சூடான அண்டாவை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவது இரட்டைத் தவறு; அது ஆறாது, அருகிலுள்ள உணவையும் சூடாக்கும். என்னைக் கேட்டால், சால்னாவையும் குடல் குழம்பையும் பிரியாணியையும் மறுநாளுக்கு எடுத்துவைக்காத அளவில் சமைப்பதே சிறந்தது. மிஞ்சியதைக் கொட்டும் இழப்பைவிட அதை விற்பதால் வரக்கூடிய இழப்பு மிகப் பெரிது.

ஷவர்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபின் மாநிலம் முழுவதும் சோதனைகள் நடந்தன. சுழலும் கம்பியில் வெளிப்பக்கம் சிவந்திருக்கும்போது உட்பக்கம் பச்சையாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கக்கூடும் என்பதே அதன் அடிப்படைச் சிக்கல். வெட்டியெடுத்த துண்டுகளைக் கல்லில் மறுபடி புரட்டி வேகவைத்த பிறகே மடிக்க வேண்டும். கம்பியில் மிஞ்சியதை இரவோடு கைவிட வேண்டும். அதனோடு தரப்படும் மயோனைஸ் பச்சை முட்டையில் செய்யப்படுவதால், தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை விதித்தது. முட்டை சேராத மயோனைஸ் எளிதில் கிடைக்கும்போது பச்சை முட்டைக்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லை.

ஃபிரிட்ஜில் பச்சை இறைச்சி கீழ்த்தட்டிலும் சமைத்தது மேல்தட்டிலும் இருக்க வேண்டும். பச்சைக்கும் சமைத்ததற்கும், சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிக் கத்தியும் வெட்டுப்பலகையும் வேண்டும். உறைந்த இறைச்சியை மேசையில் வைத்து இளக விடாமல் ஃபிரிட்ஜிலோ ஓடும் நீரிலோ இளக்க வேண்டும்.

நான்காம் படி: எண்ணெய், நிறம், பொட்டலம்

பொரிக்கும் எண்ணெயில், அதை மீண்டும் மீண்டும் சூடாக்குவதால் உருவாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய எண்ணெயோடு புதிய எண்ணெயைச் சேர்த்து ஊற்றிக்கொண்டே போவதையும் ஆணையம் ஏற்பதில்லை. ஒரு நாளில் 50 லிட்டருக்கு மேல் பொரிப்பதற்குப் பயன்படுத்துபவர்கள் அதற்கெனத் தனி ஏடு வைக்க வேண்டும். கழித்த எண்ணெயைச் சாலையோரக் கடைகளுக்குக் குறைந்த விலைக்கு விற்பது பரவலான வழக்கம். அதே எண்ணெய் மறுபடி உணவுக்குள் வருவதால் அது மிகவும் கெட்ட வழக்கமும்கூட. பயோடீசல் தயாரிப்புக்காகச் சேகரிக்கும் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நிறப்பொடியைப் பற்றி உரிமையாளர்கள் போதிய அச்சம் கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களையும் சில குறிப்பிட்ட உணவு வகைகளில், குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே சேர்க்கலாம். சிக்கன் 65, பிரியாணி, தந்தூரி, கோபி மஞ்சூரியன் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதிக்கப்படாத நிறம் சேர்ந்த உணவைச் சட்டம் பாதுகாப்பற்ற உணவு என்றே வரையறுக்கிறது. அதாவது ஒழுகும் சாக்கடையோடு இருக்கும் சமையலறை பண அபராதத்தோடு தப்பிக்கலாம். பளபளவென்று துடைத்து வைத்த சமையலறையிலிருந்து வெளிவரும் சிவந்த சிக்கன் 65 உரிமையாளரைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது பலருக்கும் நினைவிருக்கும். காஷ்மீரி மிளகாயும் மஞ்சளும் தரும் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் சூடான எண்ணெயில் கரைந்து உணவோடு சேரும். 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு மாநிலத் தடை இருப்பதால், இலையின்மேல் போடும் நெகிழித் தாளும் சாம்பார் கட்டும் மெல்லிய பையும் தவறே. வாழை இலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதைக் கடைப்பிடிப்பது கடினமாக இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: ஏடுகள்

உரிமம் அல்லது பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே பொருள் வாங்க வேண்டும், அதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனைகளில் ஒன்று. நெல்பேட்டையிலும் மொத்தக் கடைகளிலும் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வாங்கும் பழக்கம் பிற்பாடு உரிமையாளரையே பாதிக்கும். மசாலாத் தூளில் கலப்படம் என்று அறிக்கை வந்தால், அதை விற்றவரைக் காட்டும் ரசீது இல்லாதபோது முழுப் பொறுப்பும் உணவகத்தின் தலையில் விழுகிறது. சட்டத்தின் 80ஆம் பிரிவு உரிய கவனத்தோடு நடந்துகொண்டவருக்கு ஒரு தற்காப்பைத் தருகிறது. அந்தக் கவனத்தைக் காகிதத்தால்தான் நிரூபிக்க முடியும்.

கொள்முதல் ரசீதுகள், ஃபிரிட்ஜ் வெப்பநிலை, எண்ணெய் மாற்றிய நாள், பூச்சித் தடுப்பு செய்த நாள், தண்ணீர் அறிக்கை, மருத்துவச் சான்றுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் போதும். குறைந்தது ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கை ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதி நிரப்பிய ஏட்டை எந்த அலுவலரும் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆறாம் படி: ஆய்வு நடக்கும் நாளில்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் முன்னறிவிப்பின்றி வரலாம், உணவு தயாரிக்கும், சேமிக்கும் எந்த இடத்துக்குள்ளும் நுழையலாம், மாதிரி எடுக்கலாம், பறிமுதல் செய்யலாம். அவரைத் தடுப்பது தனிக் குற்றம். அடையாள அட்டையைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. உணவகங்களுக்கான சரிபார்ப்புப் பட்டியல் மொத்தம் 114 மதிப்பெண்களைக் கொண்டது. அதில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளில் தவறினால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேற முடியாது. அந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. அதை அச்சிட்டு மாதம் ஒரு முறை நீங்களே உங்களை ஆய்வு செய்துகொள்ளலாம்.

குறைகள் இருந்தால் நியமன அலுவலர் 32ஆம் பிரிவின்கீழ் மேம்பாட்டு அறிவிப்பு தருவார். என்ன குறை, எந்த விதி மீறப்பட்டது, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பவை அதில் இருக்க வேண்டும். அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. பல கடைகளில் இந்தக் காகிதம் கல்லா மேசைக்கு அடியில் போய்விடுகிறது. அப்படி விட்டால் அடுத்தது உரிமம் நிறுத்திவைக்கப்படும்; அதன்பிறகும் சரிசெய்யாவிட்டால் விளக்கம் கேட்டு ரத்து செய்யப்படும். ஆகவே அறிவிப்பு கிடைத்த நாளைக் குறித்துக்கொண்டு, குறைகளைச் சரிசெய்து, புகைப்படங்களோடும் ரசீதுகளோடும் எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். கூரை மாற்றுவது போன்ற வேலைக்குக் கூடுதல் நாள் தேவைப்பட்டால் கெடு முடியும் முன்பே கேளுங்கள். அறிவிப்பு நியாயமற்றது என்று கருதினால் உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 15 நாள் அல்லது அறிவிப்பில் உள்ள கெடு, இவற்றில் எது முந்தியதோ அதுவே எல்லை. பொதுநலனுக்கு உடனடி ஆபத்து இருப்பதாக எழுத்தில் காரணம் காட்டி, இந்த வரிசைக்குக் காத்திராமல் உரிமத்தை உடனே நிறுத்திவைக்கும் அதிகாரமும் நியமன அலுவலருக்கு உண்டு.

அலுவலர் வேண்டுமென்றே தொல்லை கொடுப்பதற்காகப் பறிமுதல் செய்தால் அவருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 39ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் செய்தவருக்கும் தண்டனை உண்டு.

ஏழாம் படி: மாதிரி எடுத்தால் என்ன செய்வது

மாதிரி எடுக்கும் அலுவலர் அதற்குரிய விலையைக் கொடுத்து, எழுத்தில் அறிவிப்புத் தந்து, மாதிரியை நான்கு பாகங்களாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். இரண்டு பாகங்கள் நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காம் பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் அப்போதே எழுத்தில் கேட்கலாம், செலவு உங்களுடையது. பதற்றத்தில் இந்த உரிமையை யாரும் பயன்படுத்துவதில்லை. அரசின் உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்களில் ஒன்று மதுரையிலேயே இருக்கிறது. பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும்.

அறிக்கை பாதகமாக இருந்தால், அது கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றுக்கொண்டால் மாதிரியின் இன்னொரு பாகம் மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். அங்கே வரும் முடிவே இறுதியானது. இந்த 30 நாளைத் தவறவிட்டு, விசாரணையில் போய் ஆய்வகம் தவறு செய்துவிட்டது என்று வாதிடுவது பெரும்பாலும் எடுபடாது.

தண்டனைகளின் அளவு

கீழே உள்ள தொகைகள் யாவும் உச்ச வரம்புகள். உண்மையில் விதிக்கப்படும் தொகையை முடிவு செய்யும்போது, தவறால் கிடைத்த இலாபம், விளைந்த இழப்பு, தவறு மீண்டும் நடந்ததா, தெரிந்தே செய்யப்பட்டதா என்பவற்றைக் கருத வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது.

சுகாதாரமற்ற முறையில் தயாரித்தால் 1 லட்சம் ரூபாய் வரை. உணவில் பூச்சி, முடி, கம்பி போன்ற அந்நியப் பொருள் இருந்தால் 1 லட்சம் வரை. அலுவலரின் அறிவுறுத்தலைத் தக்க காரணமின்றிப் பின்பற்றாவிட்டால் 2 லட்சம் வரை. தரக்குறைவான உணவுக்கு 5 லட்சம் வரை. தவறான விவரச் சீட்டுக்கு 3 லட்சம் வரை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை. வாடிக்கையாளர் கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத உணவை விற்றால், அதாவது நெய் தோசை என்று காசு வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தடவினால், 5 லட்சம் வரை. பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு இதில் வரம்பு 25,000 ரூபாய். கலப்படப் பொருளைக் கடையில் வைத்திருந்தாலே, அது தீங்கற்றதானால் 2 லட்சம் வரை, தீங்கானதானால் 10 லட்சம் வரை.

உரிமம் இல்லாமல் நடத்துவதற்கு முன்பு 6 மாதச் சிறையும் 5 லட்சம் அபராதமும் இருந்தன. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் சிறையை நீக்கி, தொகையை 10 லட்சம் வரை உயர்த்தியது. சிறை போனதே என்று ஆறுதல் கொள்பவர்கள் தொகை இரு மடங்கானதைக் கவனிக்க வேண்டும்.

பாதுகாப்பற்ற உணவு என்று முடிவானால் 59ஆம் பிரிவு. யாருக்கும் பாதிப்பு இல்லாவிட்டாலும் 3 மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். சாதாரணப் பாதிப்புக்கு ஓராண்டு வரை, 3 லட்சம் வரை. கொடுங்காயத்துக்கு ஒப்பான பாதிப்புக்கு 6 ஆண்டு வரை, 5 லட்சம் வரை. உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும். இவற்றோடு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தனி. இறப்புக்கு அது 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது.

எட்டாம் படி: விசாரணையும் மேல்முறையீடும்

அபராத வகைத் தவறுகளுக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடமிருந்து விசாரணை அறிவிப்பு வரும். நீங்களே நேரில் வாதிடலாம். வழக்கறிஞரையும் அழைத்துச் செல்லலாம். வராமலிருந்தால் நீங்கள் இல்லாமலேயே உத்தரவு வரக்கூடும். முதல் விசாரணை நாளிலிருந்து 90 நாளுக்குள் இறுதி உத்தரவு தர வேண்டும் என்பது விதி. அன்று கொண்டு செல்ல வேண்டியவை: மேம்பாட்டு அறிவிப்புக்குக் கொடுத்த பதிலின் முத்திரையிட்ட நகல், கொள்முதல் ரசீதுகள், வெப்பநிலை ஏடு, பயிற்சிச் சான்று, தவறுக்குப் பின் செய்த மாற்றங்களின் புகைப்படங்கள். முதல் தவறு என்பதையும் இலாப நோக்கில் நடக்கவில்லை என்பதையும் 49ஆம் பிரிவைச் சுட்டி எழுத்தில் கொடுப்பது, நின்றுகொண்டு கெஞ்சுவதைவிடப் பயன் தரும்.

உத்தரவு ஏற்புடையதாக இல்லாவிட்டால் 30 நாளுக்குள் உணவுப் பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மேல்முறையீடும் செய்யாமல் தொகையையும் கட்டாமல் விட்டால், அது நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கப்படும். கட்டி முடிக்கும்வரை உரிமமும் நிறுத்திவைக்கப்படும். ஒரு முறை தண்டனை பெற்றவர் அதே குற்றத்தை மீண்டும் செய்தால் தண்டனை இரு மடங்காகும். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1 லட்சம் ரூபாய் வரை கூடுதல் அபராதமும், உரிம ரத்தும் அதோடு சேரும். எனவே தொகை சிறியது, கட்டிவிட்டுப் போகலாம் என்று முடிவெடுக்கும் முன், அந்த உத்தரவு உங்கள் பெயரில் முதல் குற்றமாகப் பதிவாகிறதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.